வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு

கல்லுக்காடு,
எமரால்டு அஞ்சல், நீலகிரி.
24-7-1995

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் மாமன் ஞானசேகரன் எழுதுவது. இங்கே நானும் குளிரும் மழையும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துகிறோம். அங்கே நீயும் கோயம்புத்தூர் வெயிலும் எப்படி?

போன மாதம் உன்னை விடுதியில் விட்டுவிட்டு வந்தேனே, அந்த வாட்ச்மேன் மரியஅந்தோணி பார்த்த பார்வை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. "யாருங்க நீங்க?" என்றான். "அவங்க ஊட்டுக்காரன்" என்றேன். "இங்க வர்ற எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்று சொல்லி, கேட்டுக்கு வெளியே புளியமரத்தடிக் கல்லைக் காட்டினான். கட்டின பெண்டாட்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மட்டும்தான் நேரமாம். மற்ற நாளில் ஆத்திர அவசரம் என்றால் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், அவன் உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பானாம். கல்யாணம் ஆன புதிதில், "எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்குங்க" என்று நீ அழுதுகொண்டே சொன்னபோது, "போயிட்டு வா, தோட்டத்தை நான் பாத்துக்கறேன்" என்று வீரமாகச் சொன்னவன் நான்தான். அந்தக் கல்லில் உட்கார்ந்தபோதுதான் அந்த வீரத்தின் விலை தெரிந்தது.

இனி விஷயம். லீவுக்கு வந்தபோது நம் மேட்டை அளந்து படம் போட்டு ஒரு புராஜெக்ட் எழுதினாயே, அது வெறும் மார்க்குக்காக என்று நினைத்தாயா? ஆரம்பித்தாயிற்று. வீட்டுக்குப் பின்னால் கிழடு தட்டிப்போய் நின்ற தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டோம். ஓடை ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் பாக்கி. பக்கத்துக் கொட்டகையிலிருந்து இசக்கியம்மாவும் அவள் மகள் வேலாமணியும் விடிந்ததும் வந்துவிடுகிறார்கள். மேலிருந்து கீழாக நேர்ப்பாத்தி. குறுக்கே பிடித்தால் தண்ணீர் நின்று கேரட் அழுகிவிடும் என்பது இந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உன் படத்தில் மேட்டின் குறுக்கே 'பயன்படாத பட்டை' என்று ஒரு கோடு போட்டிருந்தாய் அல்லவா? அது வெள்ளைக்காரன் எஸ்டேட் காலத்துக் கான். மேலே விழுகிற மழைத்தண்ணீரை ஓடைப்பக்கம் திருப்பிவிட வெட்டின பள்ளம். இப்போது அதில் முள்ளும் தவளையும்தான் குடியிருந்தன. மண் போட்டு மூடி, அதன்மேலும் பாத்தி இழுத்தாயிற்று. ஓர் அடி நிலம்கூடச் சும்மா கிடக்கக் கூடாது என்று எழுதியவள் நீ. இப்போது கிடக்கவில்லை, சந்தோஷம்தானே?

ஒரு தகரத்தில் 'சுலோச்சனா காய்கறித் தோட்டம், நிர்வாகம்: சுலோச்சனா எம்.பி.ஏ.' என்று நானே பெயின்ட் அடித்து வாசலில் மாட்டியிருக்கிறேன். லாரிக்காரர் நூர் முகமது பாய் பார்த்துவிட்டு, "ஏனுங்க சேகரு, புள்ள இன்னும் பரீட்சையே எழுதலை, அதுக்குள்ள போர்டா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். நீ படிப்பை முடித்ததும் பம்பாய், பெங்களூர் என்று எவனாவது கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்று எனக்கு ஒரே ஒரு பயம். அதனால்தான் போர்டை முன்கூட்டியே மாட்டிவைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. விடுதிச் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே பட்டினி கிடக்காதே.

உன்
ஞானசேகரன்

*

மகளிர் விடுதி,
கோயம்புத்தூர்.
12-8-1995

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் ஒளித்துவைத்துப் படித்துச் சிரித்து, மாட்டிக்கொண்டேன். பேராசிரியர், "என்னம்மா, சந்தை நிலவரம் அவ்வளவு சிரிப்பாவா இருக்கு?" என்றார். போர்டில் என் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட்டதைக் கழற்றிவையுங்கள். தேர்வில் கோட்டைவிட்டால் ஊர் சிரிக்கும்.

ஒரு நல்ல செய்தி. என் புராஜெக்டுக்குத்தான் வகுப்பில் முதல் இடம். எங்கேயோ புத்தகத்தில் இருக்கிற பண்ணையை வைத்து மற்றவர்கள் எழுதினார்கள். நான் நம் மேட்டை வைத்து எழுதினேன், அதுதான் வித்தியாசம் என்று சொன்னார்கள். ஜூனியர்களுக்கு மாதிரியாகக் காட்ட ஒரு பிரதியை நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னபடியே நடத்திக்காட்ட ஒரு மனிதர் மலையில் இருக்கிறார் என்று தோழிகளிடம் பெருமை அடித்துக்கொண்டேன். கானை மூடியதும் நல்லதுதான். தவளைகளுக்கு வேறு வீடு கிடைக்கும்.

இங்கே எல்லோருக்கும் இப்போது வேலைப் பேச்சுதான். பங்கஜத்துக்கு ஓசூரில் ரோஜாப்பூ ஏற்றுமதிக் கம்பெனி. இன்னொருத்திக்கு உரக் கம்பெனி, ஜீப் கொடுப்பார்களாம். குன்னூர் தேயிலை ஏலத்தைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனார்கள். கோப்பை கோப்பையாக டீயை உறிஞ்சித் துப்பி விலை சொல்கிற வேலைக்கு இரண்டு பையன்கள் எழுதிப்போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வங்கியில் விவசாய அதிகாரி வேலைக்குக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. எங்கே தெரியுமா? எங்கள் தாராபுரத்திலேயே. சொன்னதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். போவதாக நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் திருட்டுத்தனம் ஆகிவிடும் என்று எழுதுகிறேன்.

மழையில் தலையை நனைக்காதீர்கள். இசக்கியம்மாவையும் வேலாமணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
சுலோ

*

கல்லுக்காடு
2-10-1995

அன்புள்ள அதிகாரி அம்மிணிக்கு,

தாராபுரமா! கல்யாணத்துக்கு வந்தபோது பார்த்தேனே, ஊரா அது, தோசைக்கல். கண்ணுக்கெட்டின மட்டும் ஒரு மேடு உண்டா, பள்ளம் உண்டா? வெயிலில் அப்பளம் பொரித்துவிடலாம். அங்கே பிறந்தும் நீ இவ்வளவு குளிர்ச்சியாக இருப்பதுதான் அதிசயம். சரி, முகத்தைத் தூக்கவில்லை. ஆனால் சாயந்திரம் வேலை முடிந்து வந்து போர்டைத் துடைத்துவைத்தேன்.

கேரட் தழைத்து நிற்பதைப் பார்த்தால் நீ அந்த வேலைக்கு எழுதிப்போடவே மாட்டாய். மேடு முழுக்கப் பச்சைத் தலைமுடி. மூடின கானின்மேல் போட்ட பாத்திதான் எல்லாவற்றிலும் ஜோர். மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது, தண்ணீர் காட்டவே வேண்டியதில்லை. கார்த்திகைக்கு முன்னால் பிடுங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு முதல் லோடு நம்முடையதுதான் என்று நூர் பாய் கணக்குப் போட்டிருக்கிறார்.

வீட்டில்தான் சில்லறைத் தொந்தரவுகள். கொல்லைக் கதவு சாத்தவே மாட்டேன் என்கிறது. மழைக்கு மரம் ஊறிவிட்டது என்று இழைத்தேன். மறுபடி பிடித்துக்கொண்டது, மறுபடி இழைத்தேன். இப்படியே போனால் கதவு கையகலம்தான் மிஞ்சும். துணி காயப்போடும் கம்பி தொய்ந்துபோய், என் வேட்டி தரையைக் கூட்டுகிறது. மேட்டுப்பக்கத்துக் கம்பம் வீட்டைப் பார்த்துக் குனிந்து நிற்கிறது, உனக்கு வணக்கம் சொல்லப் பழகுகிறதோ என்னவோ. ஊற்றுத் தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி கலங்கி வருகிறது. மேட்டு உச்சியில் பிறை போல ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. என் பாதம் நுழைகிற அகலம், அவ்வளவுதான்.

எல்லாம் மழைக்காலத்துச் சிணுங்கல். நீ இல்லாத வீடு சிணுங்கத்தானே செய்யும்?

உன்
ஞானசேகரன்

*

மகளிர் விடுதி
9-10-1995

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் இதைச் செய்யுங்கள். மற்றதைப் பிறகு படியுங்கள். இசக்கியம்மாவையும் வேலாமணியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியே வாருங்கள். ஊட்டியில் நூர் பாய் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

இன்று ஒரு மண்வள அதிகாரி வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார். ஒரு மேடு இறங்குவதற்கு முன்னால் என்னென்ன காட்டும் என்று படம் போட்டுச் சொன்னார். கதவு பிடிக்கும் என்றார். கம்பம் சாயும் என்றார். ஊற்று கலங்கும் என்றார். உச்சியில் பிறை போல வெடிக்கும் என்றார். மாமா, உங்கள் கடிதம் என் நோட்டுக்குள்தான் இருந்தது. நீங்கள் எழுதியதைப் பார்த்துப் படிக்கிறாரோ என்றே தோன்றியது. வகுப்பின் நடுவில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தேயிலை வேர்தான் அந்த மண்ணைப் பிடித்துவைத்திருந்தது. கான்தான் தண்ணீரை வெளியே கொண்டுபோனது. இரண்டையும் எடுத்துவிட்டோம். இப்போது பெய்கிற மழை முழுவதும் மேட்டுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. கான்மேல் போட்ட பாத்தி ஜோர் என்று எழுதினீர்களே, அது செழிப்பு இல்லை, தண்ணீர் தேங்கி நிற்பதன் அடையாளம். நீங்கள் முதல் கடிதத்திலேயே அது என்ன பள்ளம் என்று தெளிவாகச் சொன்னீர்கள். தவளையைப் பற்றி வேடிக்கை எழுதினேன் நான்.

ஆள் வைத்துக் கானைத் திறந்துவிடுங்கள். நடுவில் இருக்கிற பாத்தி எல்லாம் போகும், போகட்டும். மழை விட்ட நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். மழையில் மேலே ஏறாதீர்கள். ராத்திரி அந்தக் கூரையின் கீழ் படுக்காதீர்கள்.

'வந்துவிட்டோம்' என்று ஒரே ஒரு வரி போடுங்கள். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

சுலோ

*

கல்லுக்காடு
18-10-1995

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேட்டைப் போய்ப் பார்த்தேன். போன வாரம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. சௌக்கியம் கேட்டதாகச் சொன்னேன்.

கோபப்படாதே. என் அப்பா குந்தா அணைக்கட்டு வேலைக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இந்த மலையில்தான் இருக்கிறோம். எத்தனை ஐப்பசி பார்த்திருக்கிறோம். ஸ்லைடு படம் போட்டுக் காட்டின அதிகாரி நம் கல்லுக்காட்டைக் கண்ணால் பார்த்தாரா? வெடிப்பில் மண்ணைக் கொட்டி, ஏறி மிதித்து, மட்டமாக்கிவிட்டேன். இப்போது வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

இசக்கியம்மா உன் கட்சி. கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "அம்மா சொல்றதக் கேளுங்கய்யா. கொட்டகையில படுத்தா செவத்துக்குள்ள யாரோ பல்லக் கடிக்கிற மாதிரி சத்தம் கேக்குது" என்றாள். எலி என்றேன். "எலி இப்படிக் கடிக்காதுய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கும் கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை. உனக்காகக் கட்டிலை முன்னறைக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டேன். போதுமா?

கேரட் இப்போது விரல் பருமன். இந்த நேரத்தில் நடுவில் கான் வெட்டச் சொல்கிறாய். பாதிப் பயிர் போகும். ஒரு வார்த்தை மனசில் கிடந்து அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். இந்தப் பயிர் நன்றாக வந்தால் நீ திரும்பி வந்து போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருவாய். வராவிட்டால் தாராபுரம் பேங்கில் உட்காருவாய். நீ பயப்படுவது மேட்டுக்காகவா, என்னைச் சமவெளிக்கு இறக்குவதற்காகவா? படித்தவள் எழுதினால் எதையும் நம்பும்படி எழுதலாம். முதல் பரிசு வாங்கின கையாயிற்றே.

எழுதின பிறகு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

ஞானசேகரன்

*

மகளிர் விடுதி
24-10-1995

மாமாவுக்கு,

நீங்கள் அடிக்காமல் விட்ட வரியை நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சண்டையை அப்புறம் போடலாம், அதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

வங்கி வேலை வேண்டாம் என்று இன்றைக்கே எழுதிப்போடச் சொல்கிறீர்களா? போடுகிறேன். பம்பாயும் இல்லை, ஓசூரும் இல்லை. நீங்கள் எந்தத் தகரத்தில் என் பெயரை எழுதினாலும் அதற்குக் கீழே வந்து உட்காருகிறேன். அந்த மேட்டுக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

வெடிப்பை மிதித்து மூடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அங்கேயேதான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாமல் போயிற்று. எனக்கு அதைவிட அந்தப் பல்லைக் கடிக்கிற சத்தம்தான் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இசக்கியம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவள் மகளைக் கூட்டிக்கொண்டு இன்றே எமரால்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடட்டும். உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தேர்வு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் முடிகிறது. மறுநாளே வருகிறேன். நான் வந்து மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் நீங்களே திறந்துவிட்டால், பழசை எல்லாம் மறந்து உங்களுக்குக் கொள்ளு ரசம் வைத்துத் தருவேன்.

இங்கே இரண்டு நாளாக வானம் மூடியிருக்கிறது. மலைப்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

சுலோச்சனா

*

மேட்டுப்பாளையம் மண்டி
4-11-1995, சனிக்கிழமை

மாமா,

நூர் பாய் கணக்குப்பிள்ளையின் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையிலேயே வந்துவிட்டேன். மேலே பஸ் இல்லை. பர்லியாறுக்கு மேலே மரமும் பாறையும் ரோட்டில் கிடக்கின்றனவாம். கோத்தகிரி வழியும் அடைத்துவிட்டார்கள். நூர் பாயின் லாரி மேலேயே மாட்டிக்கொண்டது. மூன்று நாளாக அவரிடமிருந்தும் தகவல் இல்லை என்கிறார்கள்.

குடையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். செக்போஸ்ட் போலீஸ்காரர், "எங்கம்மா போறீங்க? மேல எறங்கிக்கிட்டே இருக்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எது இறங்குகிறது, எந்த ஊரில் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்று ஒருவர் சொன்னால் அது எவ்வளவு பெரிய சொல்லாக இருக்கிறது.

இங்கே மண்டியில் கேரட் இல்லை, பீட்ரூட் இல்லை, வெறும் கோணிதான் குவிந்து கிடக்கிறது. வரத்து குறைந்தால் விலை ஏறும் என்று நான் தேர்வில் எழுதிவிட்டு வந்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், விலை ஏறிவிட்டது. ஒருவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

இதை யார் கொண்டுவந்து உங்களிடம் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. முதலில் மேலே போகிற வண்டியில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சுலோ

*

மகளிர் விடுதி
6-11-1995

மாமா,

பதில் இல்லை. தந்தி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். எமரால்டுக்கு லைன் இல்லை, வந்ததும் போகும் என்றார்கள். பேப்பரில் எமரால்டுப் பக்கம் மண் சரிவு என்று ஒரே ஒரு வரி. பெயர் எதுவும் போடவில்லை. பெயர் இல்லையே என்று முதலில் மூச்சு வந்தது. பெயரைப் போடும் அளவுக்கு அங்கே போய்ப் பார்த்தவர் எவரும் இல்லை என்று பிறகு புரிந்தது.

நூலகத்திலிருந்து என் புராஜெக்டை எடுத்துவிட்டேன். பேராசிரியர் ஏன் என்றார். "அந்தப் பட்டை பயன்படாத பட்டை இல்லைங்க சார்" என்று சொன்னேன், அந்தக் கோட்டைக் காட்டினேன். அவர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வாசலில் தபால்காரர் மணி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் பயம். பங்கஜம் தட்டில் சோறு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறாள். தைரியமாக இரு என்கிறார்கள் எல்லோரும். தைரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நீங்கள் கோபத்தில்தான் எழுதாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கோபமாகவே இருங்கள். வருஷக்கணக்காகக் கோபமாக இருங்கள். ஒரு காலி அட்டையில் உங்கள் விலாசத்தை மட்டும் எழுதிப் போட்டால்கூடப் போதும்.

நாளைக்கு மறுபடியும் மேட்டுப்பாளையம் போகிறேன். வழி திறக்கும்வரை தினமும் போவேன்.

சுலோ

*

மகளிர் விடுதி வாசல்,
புளியமரத்தடி
8-11-1995, புதன்கிழமை

சுலோ,

நான்தான். உயிரோடு இருக்கிறேன். இசக்கியம்மாவும் வேலாமணியும் நன்றாக இருக்கிறார்கள், எமரால்டு பள்ளிக்கூடத்தில். இதைப் படித்துவிட்டு நீ ஒரு நிமிஷம் உட்கார்ந்துகொள், அப்புறம் மீதியைப் படி.

நீ மேட்டுப்பாளையம் போயிருக்கிறாய், இருட்டுவதற்குள் வந்துவிடுவாய் என்று மரியஅந்தோணி சொன்னான். இன்றைக்கு யாருங்க நீங்க என்று கேட்கவில்லை. என் வேட்டியைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் டீ வாங்கிவந்தான். உன் பழைய கடிதங்களில் கடைசியாக எனக்குக் கிடைத்தது அக்டோபர் இருபத்துநாலு தேதியிட்டதுதான். சீட்டு எழுத ஒரு தாள் கேட்டேன், நோட்டையே கொடுத்துவிட்டான். நீ வந்ததும் நேரில் சொல்லலாமே என்கிறான். நேரில் வராது, சுலோ. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது போன வியாழக்கிழமை. கொள்ளு ரசம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு இளகிப்போயிற்று. மறுநாள் காலையில் கொல்லைக் கதவு திறக்கவே இல்லை. நான் இழைத்து இழைத்து வைத்த கதவு, தோளைக் கொடுத்து முட்டியும் அசையவில்லை. முன்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தால், பின்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. இசக்கியம்மாவிடம் மகளைக் கூட்டிக்கொண்டு உடனே போகச் சொன்னேன். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மழையில் ஏறாதே என்று நீ எழுதியிருந்தாய். திறந்துவிட்டு உனக்கு 'திறந்துவிட்டேன்' என்று எழுத வேண்டும், அது மட்டும்தான் அப்போது தோன்றியது.

கான் இருந்த இடத்தில் வெட்டினேன். உள்ளேயிருந்து தண்ணீர் என் முழங்காலில் வந்து அடித்தது, ஐஸ் மாதிரி. அந்த வெடிப்பு, நான் மிதித்து மூடினேனே, அது எனக்குப் பின்னால் திறந்துகொண்டது. சத்தம் பெரிதாக இல்லை. இசக்கியம்மா சொன்னாளே, பல்லைக் கடிக்கிற சத்தம், அதுதான். பிறகு நான் நிற்கிறேன், மேடு போகிறது. பாத்தி பாத்தியாக, ஒரு செடிகூடக் கலையாமல், என்னையும் நிற்கவைத்தபடியே கீழே போகிறது. என் பக்கத்தில் கேரட் எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன. கீழே நம் கூரை என்னைப் பார்த்து வருகிறது.

ஓடை ஓரத்தில் ஒரு வரிசைத் தேயிலையைப் பிடுங்க நேரம் இல்லாமல் விட்டிருந்தேன். அதன்மேல் போய் விழுந்தேன். அந்தச் செடிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவை மட்டும் நகரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது வீடு இல்லை. கட்டில் இருந்த முன்னறையும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கேரட் பாத்தி நிற்கிறது. உன் பெயர் எழுதின தகரத்தைப் பிறகு வேலாமணிதான் ஓடையில் தேடி எடுத்தாள். சுலோச்சனா என்பது மட்டும் அழியாமல் இருந்தது. மடித்து என் பையில் வைத்திருக்கிறேன்.

என்னை மயக்கிச் சமவெளிக்கு இறக்கப் பார்க்கிறாய் என்று எழுதினேன். அதைப் படித்த பிறகும் நீ வேலையை வேண்டாம் என்று எழுதட்டுமா என்று கேட்டாய். எழுதிவிடவில்லையே? எழுதியிருந்தால், மாற்றி எழுத முடியுமா என்று கேட்டுப் பார்.

என்னை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். எதற்கும் அசராதவன் என்பார்கள். இன்றைக்குக் காலையில் நூர் பாயின் லாரி கோத்தகிரி வழியாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து மேட்டைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் ஐந்து ராத்திரி சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். இதோ இந்தப் புளியமரத்துக்குப் பின்னால் விடுதி மதில் இருக்கிறது. திரும்பித் திரும்பி அதைப் பார்க்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மிணி. நீ வந்ததும் முதலில் ஒன்றும் கேட்காதே. பக்கத்தில் உட்கார், போதும்.

தாராபுரத்தில் நாம் இருக்கப்போகிற வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. வெயில் அடித்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குப் பின்னால் மேடு இல்லாமல் பார்த்துக்கொள்.

ஞானசேகரன்